எஸ்.ஜி.பி.டி நார்மல்தானே, ஹெபடைடிஸ் சி மருந்தை ஒரு வருடம் தள்ளிப்போடலாமா?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 52. கண் அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் என்று வந்தது. பிறகு ஆர்.என்.ஏ பரிசோதனை செய்ததில் வைரல் லோட் 8,40,000 என்றார்கள். 1988-இல் ஒரு விபத்தின்போது எனக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. எஸ்.ஜி.ஓ.டி 46, எஸ்.ஜி.பி.டி 49, பிளேட்லெட் 1,78,000. எஸ்.ஜி.பி.டி-க்கு நேரே ‘நார்மல்’ என்றே போட்டிருக்கிறார்கள். வயிற்று ஸ்கேனில் லேசான கொழுப்பு மட்டும்தான். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின், நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஒமெப்ரசோல் சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் வேலைக்காக ஆறு மாதம் வெளிநாடு போகிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் பல வருடங்களுக்கு முன்னால் இதே நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு படாத பாடு பட்டார். அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. திரும்பி வந்தபிறகோ, இன்னும் நல்ல மருந்து வந்தபிறகோ ஆரம்பித்தால் என்ன? அதுவரை கல்லீரல் டானிக் போதுமா? மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்னால் ஆபத்து உண்டா?

பதில்:

ஒரு வருடம் தள்ளிப்போடாதீர்கள். அதற்காக நாளைக்கே முதல் மாத்திரையை விழுங்கவும் வேண்டாம். உங்களுக்கு இரண்டு, மூன்று வாரத் தயாரிப்பு தேவைப்படுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் மருந்துப் பட்டியல்தான் காரணம். அந்தத் தயாரிப்பை முடித்து, ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே சிகிச்சையைத் தொடங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

முதலில் அந்த ‘நார்மல்’ என்ற சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். ஹெபடைடிஸ் சி உள்ளவர்களை அதிகம் ஏமாற்றுவது அதுதான். எஸ்.ஜி.பி.டி என்பது, ரத்தம் எடுத்த அந்த நேரத்தில் கல்லீரல் செல்கள் எந்த அளவு சேதமாகிக்கொண்டிருந்தன என்பதைக் காட்டும். முப்பது வருடங்களில் எவ்வளவு தழும்பு சேர்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. இந்த நோயில் அந்த எண் ஏறும், இறங்கும், மாதக்கணக்கில் நார்மலாகவே கிடக்கும். சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுவதும் தழும்பேறி இறுகிப்போகும் நிலை, வந்துவிட்டவர்களில் சிலருக்குக்கூட அது எல்லைக்குள் இருப்பது உண்டு. வைரல் லோடும், அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவும், அப்படித்தான். 8 லட்சம் என்பதால் கல்லீரல் மோசம் என்றோ, வெறும் 8,000 என்பதால் பரவாயில்லை என்றோ பொருள் கிடையாது. வைரஸ் இன்னும் உடலில் பெருகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

தழும்பை ஓரளவு கணிப்பதற்கு நீங்கள் எழுதிய எண்களே உதவும். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி-யால் (எஸ்.ஜி.பி.டி போல இன்னொரு கல்லீரல் அளவு) பெருக்குங்கள்: 52 × 46 = 2392. பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் எடுத்து, அதாவது 178-ஐ, எஸ்.ஜி.பி.டி-யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்: 49-இன் வர்க்கமூலம் 7; 178 × 7 = 1246. முதல் தொகையை இரண்டாவதால் வகுத்தால் 1.92. இது 1.45-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 3.25-க்கு மேலே போனால் முற்றிய தழும்பு இருக்கக்கூடும். உங்களுடையது நடுவில் நிற்கிறது. அப்படியென்றால் இந்தத் தாளை வைத்துக்கொண்டு உங்கள் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சாதாரண வயிற்று ஸ்கேனில் ஆரம்ப, நடுத்தரத் தழும்பு தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே அடுத்து ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள். கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதை ஊசியின்றி, ஐந்து, பத்து நிமிடத்தில் கிலோபாஸ்கல் கணக்கில் சொல்லும் கருவி அது. குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடுதலாகக் காட்டும். ஏறக்குறைய 7-க்குக் கீழே என்றால் தழும்பு இல்லை, அல்லது லேசு. 9.5-ஐத் தாண்டினால் முற்றிய தழும்பு. 12.5-க்கு மேல் சிரோசிஸ் என்று எடுத்துக்கொள்வோம். ஒருவேளை சிரோசிஸ் என்றே வந்தாலும், 20-க்குக் கீழ் இருந்து பிளேட்லெட்டும் 1,50,000-க்கு மேல் இருந்தால், உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்திருக்கிறதா என்று பார்க்கும் எண்டோஸ்கோப்பி பொதுவாக உடனே தேவைப்படுவதில்லை. அந்த எண் எதுவாக இருந்தாலும் ‘மருந்து வேண்டுமா’ என்ற கேள்விக்குப் பதில் மாறப்போவதில்லை. எந்த மருந்து, எத்தனை வாரம், வைரஸ் ஒழிந்தபிறகும் கண்காணிப்பு தேவையா என்பவைதான் அதைப் பொறுத்து மாறும்.

தள்ளிப்போடுவதன் உண்மையான விலை இதில்தான் இருக்கிறது. 1988-இல் ஏற்றிய ரத்தத்தில் இந்த வைரஸ் இருந்ததா என்று பார்க்க அப்போது வழியே இல்லை. 1989-இல்தான் ஹெபடைடிஸ் சி வைரஸை அடையாளம் கண்டார்கள். அதைக் கண்டறிந்த பணிக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹவ்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தொற்று 1988-இலேயே வந்தது என்றால் உங்கள் கல்லீரல் முப்பது வருடங்களுக்கு மேலாக இதைச் சுமந்துகொண்டிருக்கிறது. நாள்பட்ட தொற்று உள்ள நூறு பேரில் சுமார் 15 முதல் 30 பேருக்கு இருபது வருடங்களுக்குள் சிரோசிஸ் வருகிறது. மது, சர்க்கரை நோய், உடல் பருமன், கல்லீரல் கொழுப்பு ஆகியவை அந்த வேகத்தைக் கூட்டும். இவற்றில் இரண்டு உங்களிடம் ஏற்கெனவே உள்ளன. சிரோசிஸுக்கு முன்னால் வைரஸை ஒழித்தால், கல்லீரல் பெரும்பாலும் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். சிரோசிஸ் வந்தபின் ஒழித்தால், நன்மை நிச்சயம் உண்டு என்றாலும், கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையுமே தவிர முழுதாகப் போகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிரோசிஸ் என்ற அந்த எல்லையை எந்த மாதம் தாண்டினோம் என்பது யாருக்கும் தெரியாது. வலிக்காது, மஞ்சள் காமாலையும் வராது. அதனால்தான் அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பதை நான் ஒரு காரணமாகவே ஏற்பதில்லை. வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி வரும்போது, எளிதான மருந்துகள் பலவற்றைக் கொடுக்கவே முடியாத நிலை வந்திருக்கும்.

உங்களுக்குத் தெரிந்தவர் பட்ட பாடு உண்மையானது. அந்த ஊசி இன்டர்ஃபெரான். வாரம் ஒரு ஊசி, கூடவே தினமும் ரிபாவிரின் மாத்திரை, 24 அல்லது 48 வாரம். காய்ச்சல், உடல்வலி, முடி கொட்டுதல், ரத்த அணுக்கள் குறைதல், மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து வரும். இவ்வளவும் தாங்கி முடித்தால், ஜீனோடைப் 1 (ஜீனோடைப் என்பது வைரஸின் மரபணு வகை) உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் வைரஸ் போனது. அந்தக் காலத்தில் தழும்பு குறைவாக உள்ளவர்களிடம் ‘கொஞ்சம் பொறுங்கள், நல்ல மருந்து வரட்டும்’ என்று மருத்துவர்களே சொன்னோம். அது அப்போது நியாயமான ஆலோசனை. பலர் மனதில் அது இன்னும் தங்கியிருக்கிறது. ஆனால் காத்திருக்கச் சொன்ன அந்த நல்ல மருந்து வந்துவிட்டது. 2013-இன் இறுதியில் சோஃபோஸ்புவிர் வந்தது. அடுத்த சில வருடங்களில் எல்லா வகை வைரஸுக்கும் வேலை செய்யும் கூட்டு மாத்திரைகள் வந்தன. இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுக் குணம் கிடைக்கிறது. அடுத்த மருந்து இதைவிட எவ்வளவு கூடுதலாகத் தந்துவிட முடியும்? ஊசி இல்லை. பக்கவிளைவு என்றால் சிலருக்குத் தலைவலி, அசதி, குமட்டல். பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே முடித்துவிடுகிறார்கள்.

வழக்கமான தேர்வுகள் மூன்று. சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராமும் வெல்படாஸ்விர் 100 மில்லிகிராமும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். க்ளெகாப்ரெவிர், பிப்ரென்டாஸ்விர் சேர்ந்த மாத்திரை, தினம் மூன்றையும் ஒரே வேளையில் உணவோடு, முன்பு சிகிச்சை எடுக்காதவர்களுக்குப் பொதுவாக 8 வாரம். சோஃபோஸ்புவிர் 400-உடன் டாக்லடாஸ்விர் 60, தினம் ஒரு வேளை, சிரோசிஸ் இல்லாவிட்டால் 12 வாரம். சிரோசிஸ் இல்லை என்று தெரிந்துவிட்டால் ஜீனோடைப் பரிசோதனைக்காகக் காத்திருக்க அவசியம் இல்லை. சிரோசிஸ் இருந்தால் மட்டும் அதைப் பார்ப்பது நல்லது. ஜீனோடைப் 3 சற்றுப் பிடிவாதமானது, சில சமயம் ரிபாவிரினையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

இனி உங்கள் மருந்துப் பட்டியலுக்கு வருகிறேன். இந்தச் சிகிச்சை தோற்பதற்கு வைரஸைவிட மற்ற மாத்திரைகள் காரணமாக இருப்பது உண்டு, அதுவும் தவிர்க்கக்கூடியது.

ஒமெப்ரசோல்தான் முதல் கவலை. வெல்படாஸ்விர் கரைந்து ரத்தத்தில் சேர இரைப்பையில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கிவிட்டால் மாத்திரை பாதி வீணாகப் போகும், நீங்களோ தவறாமல் சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பன்னிரண்டு வாரமும் ஒமெப்ரசோலை நிறுத்திப் பாருங்கள். முடியவே முடியாது என்றால், ஹெபடைடிஸ் மாத்திரையை உணவோடு எடுத்து, நான்கு மணி நேரம் கழித்து ஒமெப்ரசோல், அதுவும் 20 மில்லிகிராமுக்கு மேல் போகாமல். கடையில் வாங்கும் ஜெல், சப்பும் மாத்திரை போன்ற அமிலமுறிப்பான்களுக்கும் இந்த நான்கு மணி நேர இடைவெளி உண்டு. தினசரி ஒமெப்ரசோலை விட முடியாதவருக்கு டாக்லடாஸ்விர் கூட்டு எளிதாக அமையும். இதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு வார மருந்தான க்ளெகாப்ரெவிரோடு சேரவே கூடாது. அட்டோர்வாஸ்டாட்டினின் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறி தசைகள் சிதையக்கூடும். வெல்படாஸ்விரோடு சேர்ந்தாலும் ஓரளவு கூடும். மாரடைப்போ ஸ்டென்ட்டோ இல்லாதவர்களுக்கு இந்த இரண்டு, மூன்று மாதம் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவைப்பதில் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவர் சொல்லட்டும்.

கிளிமிபிரைடு விஷயம் பலருக்குத் தெரியாது. வைரஸ் குறையக் குறைய இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். அதே அளவு மாத்திரைக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். முதல் மூன்று மாதம் வீட்டிலேயே கருவியில் பார்த்துக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழ் இறங்கினாலோ, வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தாலோ அளவைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. மெட்ஃபார்மினால் தனியாக இந்தச் சிக்கல் பொதுவாக வருவதில்லை.

உங்களிடம் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். இதயத் துடிப்புக்கான அமியோடரோனோடு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குத் தாழலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசிபின், ஃபெனிட்டாயின் ஆகியவை ஹெபடைடிஸ் மருந்தை உடைத்து வெளியேற்றிவிடும். க்ளெகாப்ரெவிர் எடுக்கும் பெண்கள் எத்தினில் ஈஸ்ட்ரடயால் உள்ள கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

கல்லீரல் டானிக் பற்றி: எந்த டானிக்கும் இந்த வைரஸை ஒழிப்பதில்லை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மூலிகைக் கலவைகள் கல்லீரலைக் கெடுக்கவும் செய்யலாம், மருந்தின் வேகத்தைக் குறைக்கவும் செய்யலாம். சிகிச்சை முடியும்வரை அவை வேண்டாம். மது குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். குடிப்பவர் என்பதற்காக யாருக்கும் மருந்து மறுக்கப்படக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொடங்கும் முன் இன்னொரு பரிசோதனை கட்டாயம் வேண்டும்: ஹெபடைடிஸ் பி. சி வைரஸ் ஆதிக்கம் செலுத்தும் உடலில் பி வைரஸ் அடங்கிக் கிடக்கும். சி ஒழிந்ததும் பி தலைதூக்கிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கிய நிகழ்வுகள் உண்டு. 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இது குறித்து இந்த மருந்துகள் அனைத்துக்கும் கடும் எச்சரிக்கை விடுத்தது. எச்.பி.எஸ் ஆன்டிஜென் (பி வைரஸ் இப்போது உடலில் இருப்பதைக் காட்டுவது), கோர் ஆன்டிபாடி (பி தொற்று எப்போதாவது வந்திருப்பதைக் காட்டுவது) இரண்டையும் பாருங்கள். முதலாவது பாசிட்டிவ் என்றால் பி-க்கும் மருந்து சேர்த்துத் தருவார்கள். இரண்டாவது மட்டும் பாசிட்டிவ் என்றால் எஸ்.ஜி.பி.டி-யை மாதாமாதம் பார்த்தால் போதும். இரண்டும் நெகட்டிவ் என்றால் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கூடவே எச்.ஐ.வி, கிரியேட்டினின், பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் ஆகியவற்றையும் ஒரே ரத்தத்தில் முடித்துவிடலாம்.

பயணத்தைத் தடையாக நினைக்காதீர்கள். 12 வாரம் என்றால் 84 மாத்திரை. தயாரிப்பு முடிந்ததும் தொடங்கி, முதல் ஒன்றிரண்டு வாரம் வீட்டில் இருந்து, ஒமெப்ரசோல் இல்லாமல் சமாளிக்க முடிகிறதா, சர்க்கரை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மீதி மாத்திரைகள் அனைத்தும் கையில் இருக்க வேண்டும். பாதி இங்கே, மீதி அங்கே வாங்கலாம் என்று போகாதீர்கள். மருந்துச்சீட்டும் மருத்துவர் கடிதமும் இணைத்து, சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். சிரோசிஸ் இல்லாதவருக்கு நடுவில் பரிசோதனை அதிகம் தேவைப்படாது, உங்களுக்குச் சர்க்கரை அளவு மட்டும் முக்கியம்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஃபைப்ரோஸ்கேன் 6-க்குப் பக்கத்தில் வந்து, பயணத்துக்கு முன் மருந்து கைக்குக் கிடைக்கவே இல்லை என்றால், ஆறு மாதம் பொறுப்பதால் உங்கள் கல்லீரலுக்குப் பெரிய இழப்பு வந்துவிடாது. அப்போது திரும்பி வரும் வாரத்துக்கு மருத்துவர் சந்திப்பை இப்போதே பதிவு செய்துவிட்டுப் போங்கள். தேதி போடாமல் தள்ளிவைப்பவர்கள் பெரும்பாலும் ஐந்து வருடம் கழித்துத்தான் திரும்பி வருகிறார்கள். 9.5-க்கு மேல் வந்தால் என் பதில் வேறு: பயணத்தை மாற்றியமைத்தாவது தொடங்குங்கள்.

மருத்துவரே தள்ளிவைக்கச் சொல்லும் நிலைகளும் உண்டு. கர்ப்பம், ரிஃபாம்பிசினோடு நடக்கும் காசநோய்ச் சிகிச்சை, முதலில் அறுவை செய்து அகற்ற வேண்டிய கல்லீரல் கட்டி, சீக்கிரம் கல்லீரல் மாற்று அறுவை நடக்கவிருக்கும் மிக முற்றிய நிலை. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு தேதி இருக்கும். உங்களிடம் இவற்றில் ஏதும் இல்லை. சிறுநீரகக் கோளாறும் வயதும் இப்போது தடை இல்லை.

மாத்திரை சாப்பிடும் முறை எளிது: தினமும் ஒரே நேரம். மறந்துவிட்டால், 18 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே எடுத்துவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் அந்த வேளையை விட்டுவிடுங்கள், ஒருபோதும் இரட்டிப்பாக வேண்டாம். வெல்படாஸ்விர் மாத்திரை சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று எடுக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு நான்காவது வாரத்திலேயே வைரஸ் ரத்தத்தில் காணாமல் போய்விடும், உடம்பும் தெம்பாகத் தெரியும். சிலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கல்லீரல் செல்களுக்குள் மிச்சமிருப்பது மறுபடி பெருகிவிடும், அடுத்த முறை அதே மருந்து எளிதில் வேலை செய்யாமலும் போகலாம். 84-ஐயும் முடித்தே ஆக வேண்டும்.

குடும்பத்தைப் பற்றி. இது ரத்தத்தின் வழியாகப் பரவும் நோய். ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டியணைப்பது, இருமல், ஒரே குளியலறை ஆகியவற்றால் பரவாது. பாத்திரத்தைத் தனியாக வைக்கவே வேண்டாம், அது உங்கள் மனதைத்தான் புண்படுத்தும். ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மூன்றையும் மட்டும் பகிராதீர்கள். தம்பதியரிடையே உடலுறவால் பரவுவது அரிது. இருந்தாலும் மனைவி ஒருமுறை ஆன்டிபாடி பரிசோதனை செய்துகொள்ளட்டும். பெண்ணுக்குத் தொற்று இருந்தால் பிரசவத்தில் சுமார் இருபதில் ஒரு குழந்தைக்குப் போகக்கூடும். அதனால் மனைவிக்கு நெகட்டிவ் என்றால் பிள்ளைகளைப் பற்றி இந்த வழியில் கவலை இல்லை.

கடைசி மாத்திரைக்கு 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ பரிசோதனை செய்யுங்கள். உங்கள் பயணம் முடிவதற்குள் அந்த நாள் வந்துவிடலாம். அங்கேயே செய்யலாம், திரும்பி வந்தும் செய்யலாம், சில வாரம் தாமதமானால் பாதகமில்லை. வைரஸ் இல்லை என்று வந்தால் குணமாகிவிட்டீர்கள். ஃபைப்ரோஸ்கேனில் முற்றிய தழும்போ சிரோசிஸோ இருந்தவர்கள் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேனைத் தொடர வேண்டும். கொழுப்பும் சர்க்கரையும் உங்கள் கல்லீரலுக்குத் தனிப் பகை, அவற்றுக்கான கவனிப்பு தொடரட்டும். இந்தத் தொற்று ஒருமுறை வந்து போனதால் எதிர்ப்பு சக்தி கிடைத்துவிடாது, தடுப்பூசியும் இல்லை. சுத்தம் செய்யாத ஊசி, பச்சை குத்தும் கருவி போன்றவற்றால் மீண்டும் வரலாம்.

அந்த ஆர்.என்.ஏ முடிவுத் தாளை லேமினேட் செய்து பத்திரமாக வையுங்கள். ஆன்டிபாடி என்பது தொற்று வந்ததற்கு உடல் வைத்திருக்கும் அடையாளம், ஆர்.என்.ஏ-தான் வைரஸே இருப்பதைக் காட்டுவது; அதனால் உங்கள் ஆன்டிபாடி பரிசோதனை ஆயுளுக்கும் பாசிட்டிவ் என்றேதான் காட்டும். அடுத்த அறுவை சிகிச்சைக்கோ, வேலைக்கான உடல் தகுதிச் சோதனைக்கோ போகும்போது மறுபடி அந்தச் சொல் வரும். அப்போது இந்தத் தாளைக் காட்டுங்கள். யாராவது ஆன்டிபாடியை மட்டும் பார்த்து மறுபடி சிகிச்சை வேண்டும் என்றால், முதலில் ஆர்.என்.ஏ பார்க்கச் சொல்லுங்கள்.